ஒலி எஞ்சியது, உறவு கரைந்தது: மலபார்த் தாவரப் பெயர்கள் இலத்தீனுக்குச் சென்ற வரலாறு

1. முன்னுரை

தாவரப் பெயர் ஒவ்வொன்றும் இரண்டு செயல்களைச் செய்கிறது. ஒரு செடியைச் சுட்டுகிறது. அச்செடி வேறு எச்செடிகளோடு சேர்த்து எண்ணப்படுகிறது என்பதையும் பல வேளைகளில் உணர்த்துகிறது. வெண்மந்தாரை என்னும் சொல்லைக் கேட்பவர், மந்தாரை என்று ஓர் இனம் உண்டு, அதனுள் வெண்மை நிறத்தால் வேறுபட்டது ஒன்று உண்டு என்று அறிகிறார். முதற்செயலைப் பெயரீடு என்றும் இரண்டாவதைப் பாகுபாடு என்றும் கூறலாம். திராவிட மொழிகளின் தாவரப் பெயர்களுள் பெரும்பகுதி அடையும் தலைச்சொல்லும் கூடிய தொகைச்சொற்களாதலின், இவ்விரு செயல்களும் ஒரே சொல்லுள் அமைகின்றன.

இத்தகைய சொற்கள் பதினேழாம் நூற்றாண்டில் மலபாரிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்று, பதினெட்டாம் நூற்றாண்டில் இலத்தீன் அறிவியற் பெயர்களாயின. அப்பயணத்தில் அவற்றின் ஒலிவடிவம் ஓரளவு காக்கப்பட்டது. பாகுபாட்டைக் காட்டிய உள்ளமைப்பு காக்கப்படவில்லை. இவ்விழப்பு நேர்ந்த முறையையும், அது மொழிபெயர்ப்பாளருக்கு விட்டுச்சென்ற இடர்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ‘ஹார்ட்டஸ் மலபாரிக்கஸ்’ என்னும் நூல் இங்கு முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. அதன் சொற்கள் மலையாளச் சொற்களேயாயினும், அவற்றின் அடிச்சொற்களுள் பல தமிழுக்கும் பொதுவானவை.

2. நூல் உருவான மொழிச் சூழல்

ஹார்ட்டஸ் மலபாரிக்கஸ் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1663இல் போர்த்துக்கீசியரிடமிருந்து கொச்சியைக் கைப்பற்றியபின், 1670களில் மலபார்ப் பகுதியின் தலைவராக இருந்த ஹென்ட்ரிக் வான் ரீடு இந்நூலைத் தொகுப்பித்தார். எழுநூற்றுக்கும் மேற்பட்ட தாவரங்கள் செப்புத்தகட்டுப் படங்களுடன் விளக்கப்பட்டுள்ளன.

மொழியியலார் முதலில் கவனிக்க வேண்டியவை இந்நூலின் முதல் தொகுதியில் அச்சான சான்றுரைகள். சேர்த்தலைக்கு அருகிலுள்ள கடக்கரப்பள்ளியைச் சேர்ந்த ஈழவ மருத்துவர் இட்டி அச்சுதன் அளித்த சான்றுரை 1675 ஏப்ரல் 20ஆம் நாளிட்டது, கோலெழுத்தில் அமைந்தது. இரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் கொங்கணி அந்தணர் மூவரின் சான்றுரை நாகரி எழுத்தில் உள்ளது. கம்பெனியின் மொழிபெயர்ப்பாளர் இமானுவேல் கர்னேரோவின் சான்றுரையும் உடன் அச்சாகியுள்ளது. தகவல் தந்தவரையும் அதை மொழிபெயர்த்தவரையும் பெயர் சுட்டி, அவர்தம் எழுத்திலேயே சான்று பெற்று வெளியிட்ட செயல், அக்கால ஐரோப்பிய நூல்களில் அரிதாகக் காணப்படுவது.

அச்சுதன் கூறியது கர்னேரோவால் போர்த்துக்கீசியத்தில் ஆக்கப்பட்டது. பின்னர் இலத்தீன் வாசகமாயிற்று. இலத்தீன் வாசகத்தை அமைத்தவருள் யோகானஸ் கசேரியஸ் என்னும் பாதிரியாரும் கொச்சி நகரச் செயலர் வான் டோனெப்பும் குறிப்பிடத்தக்கவர்கள். ஆக, மருத்துவரின் வாய்மொழிக்கும் அச்சிட்ட இலத்தீன் வரிக்கும் இடையே குறைந்தது ஒரு மொழியேனும் நிற்கிறது. ஆயினும் விளக்கங்கள் மொழிபெயர்க்கப்பட்ட அளவிற்குப் பெயர்கள் மொழிபெயர்க்கப்படவில்லை. அவை உரோமன் எழுத்தில் பெயர்த்தெழுதப்பட்டன. விளக்கத்திற்கு மொழிபெயர்ப்பு, பெயருக்கு ஒலிபெயர்ப்பு என்ற இந்தப் பாகுபாட்டிலிருந்தே பின்னர் வந்த சிக்கல்கள் தொடங்குகின்றன.

3. ஒலிபெயர்ப்பும் அதன் விளைவும்

இந்நூலின் ஒலிபெயர்ப்பில் ஒரே சீரான முறை இல்லை. சகரத்தின் வல்லொலிக்குச் ‘சம்பகம்’, ‘சுவன்ன மந்தாரம்’ ஆகியவற்றில் போர்த்துக்கீசிய முறைப்படி சி, எச் என்னும் இரு எழுத்துக்கள் வருகின்றன. ‘செறு காஞ்ஞிரம்’, ‘சேல’, ‘சக்க மரம்’ ஆகியவற்றில் டச்சு முறைப்படி டி, எஸ், ஜே என்னும் மூன்றெழுத்துக் கூட்டு வருகிறது. எழுதியவரின் தாய்மொழிக்கேற்ப எழுத்துமுறை மாறியது எனக் கொள்ளலாம்.

டச்சு எழுத்துமுறையை அறியாத பிற்காலத்தவர் அம்மூன்றெழுத்துக் கூட்டை எழுத்துக்கூட்டியே படித்தனர். ‘சேல’ என்னும் ஆலினத்து மரத்தின் பெயர் ராக்ஸ்பரோவிடம் ‘ஃபைக்கஸ் ட்சியேலா’ ஆயிற்று. மலையாளம் அறிந்த ஒருவரும் தன் ஊர் மரத்தின் பெயரை அதில் அடையாளம் காண்பது எளிதன்று.

புணர்ச்சி இன்னொரு வகையில் மறைப்பை உண்டாக்கியது. பனையின் ஆண்மரமும் பெண்மரமும் இந்நூலின் முதல் தொகுதியில் தனித்தனிப் படங்களாக உள்ளன. பெண்மரத்திற்குக் ‘கரிம்பன’ என்றும் ஆண்மரத்திற்கு ‘ஆம்பன’ என்றும் பெயர். பின்னது ஆண், பன என்னும் இரு சொற்களின் புணர்ச்சி வடிவம் எனக் கொள்ளத்தக்கது. ணகரம் பகரத்தின் முன் மகரமாகத் திரிந்ததால், பால் உணர்த்தும் அடைமொழி உரோமன் எழுத்தில் பொருளற்ற அசையாகிவிட்டது. தாவரங்களின் பாலினம் பற்றிய சோதனைகளை ருடால்ஃப் கமெராரியஸ் வெளியிட்டது 1694இல். பேரீச்சையில் ஆண், பெண் வேறுபாட்டைப் பண்டைக் கிரேக்கரும் அறிந்திருந்தனர் என்பது உண்மையே. எனினும், இவ்வறிவைப் பெயரிலேயே பொதிந்து வைத்திருந்த மொழியொன்றின் சான்று, அதைப் பொதிந்த அசை அடையாளம் இழந்த நிலையில் ஐரோப்பா சென்றது. தமிழில் ஆண்பனை, பெண்பனை என்னும் வழக்கு இன்றும் தெளிவாக உள்ளது.

4. தலைச்சொல்லின் மூன்று பணிகள்

மலபார்ப் பெயர்களின் தொகையமைப்பு ஐரோப்பியத் தாவரவியலின் பேரின, சிற்றினப் பாகுபாட்டிற்கு நிகரானதா என்னும் வினா நெடுநாளாக எழுப்பப்பட்டு வருகிறது. ரிச்சர்டு குரோவ் 1995இல் வெளியிட்ட சூழலியல் வரலாற்று நூலில், ஈழவரின் தாவர உறவுக் கோட்பாடு வான் ரீடின் வழியாக லின்னேயஸ் வரை சென்றது என்று வாதிட்டார். அறிவியல் வரலாற்றை ஐரோப்பாவிற்கு மட்டும் உரிமையாக்கிய போக்கிற்கு இது தக்க மறுப்பாக அமைந்தது. ஆயினும், பெயர்களின் சொல்லமைப்பை நுணுகி நோக்கினால், தலைச்சொல் எல்லா இடத்திலும் ஒரே பணியைச் செய்யவில்லை என்பது புலனாகும்.

4.1 இன உறவைக் காட்டும் தலைச்சொல்

முதல் தொகுதியில் அத்தியாலு, இத்தியாலு, அரயாலு, பேராலு என்னும் நான்கும் அடுத்தடுத்த படங்களாக உள்ளன. நான்கின் தலைச்சொல்லும் ஆல். இன்றைய தாவரவியலிலும் இந்நான்கும் ஃபைக்கஸ் என்னும் ஒரே பேரினத்தைச் சார்ந்தவை. அத்தியும் ஆலும் தோற்றத்தாலும் பயனாலும் வேறுபட்டவை. கனியின் அமைப்பாலும் பாலாலும் ஒன்றுபட்டவை. இவற்றை ஒரே தலைச்சொல்லின்கீழ்க் கொணர்ந்தது கூர்ந்த கவனிப்பின் விளைவு என்பதில் ஐயமில்லை. தமிழில் ஆல், அரசு, அத்தி, இத்தி என்பன தனித்தனிப் பெயர்களாக நிற்பதும், மலையாளத்தில் அவை ஆலின் வகைகளாக வழங்குவதும் ஒப்பிட்டு ஆராயத்தக்கவை. அடிச்சொற்கள் ஒன்றாயினும் பாகுபாட்டை வெளிப்படுத்தும் முறையில் இரு மொழிகளும் வேறுபடுகின்றன.

மந்தாரமும் இத்தகையதே. சுவன்ன மந்தாரமும் வெளுத்த மந்தாரமும் நிறத்தால் அடைபெற்றன. இவற்றை அடுத்துக் காஞ்சனப்பூ வைக்கப்பட்டுள்ளது. அதன் பெயரில் மந்தாரம் என்னும் தலைச்சொல் இல்லை. ஆனால் அதுவும் பௌஹினியா பேரினத்தைச் சார்ந்ததே. எனவே நூலின் வரிசைமுறை பெயரை மட்டும் பின்பற்றியதன்று. செடியின் அமைப்பை நோக்கி அருகருகே வைத்த கை ஒன்று உண்டு. அது மலபார் மருத்துவர் கையா, கொச்சியிலிருந்த ஐரோப்பியர் கையா என்பதைப் பெயர்களைக் கொண்டு மட்டும் முடிவு செய்ய இயலாது. குரோவின் கருத்தை ஏற்போரும் மறுப்போரும் இவ்வெல்லையை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

4.2 பண்பைக் காட்டும் தலைச்சொல்

அதே தொகுதியில் புளியமரத்தையும் குடம்புளியையும் அடுத்தடுத்துக் காண்கிறோம். இரண்டின் தலைச்சொல்லும் புளி. ஆனால் புளியமரம் அவரைக் குடும்பத்தது. குடம்புளி மங்குஸ்தானின் குடும்பத்தது. இவற்றை இணைப்பது சுவையும் சமையலறைப் பயனுமே. தமிழில் அமெரிக்காவிலிருந்து வந்த மரமொன்று கொடுக்காய்ப்புளி எனப் பெயர் பெற்றதும் இந்த நெறியாலேயே.

பாலை என்னும் தலைச்சொல் இன்னும் நுட்பமானது. ‘பால’, ‘கொடகப்பால’ என இந்நூல் குறிப்பவை தமிழில் ஏழிலைப்பாலையும் குடசப்பாலையும் ஆகும். இவ்விரண்டும், இவற்றோடு வெட்பாலையும், அரளியின் குடும்பத்தைச் சார்ந்தவை. ஆனால் உலக்கைப்பாலை இலுப்பையின் குடும்பத்தது. நான்கிற்கும் பொதுவானது வெட்டினால் வடியும் பாலே. இங்குப் பண்பும் இன உறவும் பாதி பொருந்திப் பாதி விலகுகின்றன. சங்கப் பாடல்களில் திணைக்குப் பெயர் தந்த பாலை எம்மரம் என்பதில் ஆய்வாளர் கருத்து வேறுபடுவதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

4.3 ஒப்புமையைக் காட்டும் தலைச்சொல்

மூன்றாம் தொகுதியில் ‘தொட்டப்பன’ எனப்படுவது இன்று சைக்கஸ் என வழங்கும் மரம். அது பனையன்று, பூக்கும் தாவரமும் அன்று. தோற்றத்தால் பனையை ஒத்ததால் அத்தலைச்சொல்லைப் பெற்றது. இதை நாட்டாரின் பிழை என்று கூறுவதற்கு முன், லின்னேயஸும் 1753இல் சைக்கஸைப் பனைகளோடே சேர்த்தார் என்பதை நினைத்தல் வேண்டும்.

தமிழில் ஒப்புமைத் தலைச்சொற்கள் மிகுதி. ஆகாயத்தாமரையும் ஓரிதழ்த்தாமரையும் தாமரையல்ல. அவற்றைத் தாமரையின் வகையென்று தமிழர் எவரும் எண்ணுவதும் இல்லை. பிரென்ட் பெர்லினும் அவர்தம் குழுவினரும் 1970களில் சியாப்பாஸ் மலைநாட்டு ட்செல்டால் மொழியை ஆராய்ந்தபோது, தலைச்சொல் மேலினத்தைக் குறிக்கும் தொகைகளையும் குறிக்காத தொகைகளையும் பிரித்துக் காட்டினர். அப்பாகுபாடு நம் மொழிகளுக்கும் பொருந்தும். ஆயினும் பாலை, புளி போன்ற பண்புத் தலைச்சொற்களுக்கு அவ்விரு கூறுகளுக்கும் இடைப்பட்ட ஓர் இடம் தேவைப்படுகிறது.

தாய்மொழியாளருக்கு இம்மூன்று பணிகளின் வேறுபாடு சொல்லாமலே விளங்கும். பேராலு ஆலின் வகை என்றும், குடம்புளி புளிப்பது என்றும், தொட்டப்பன பனைபோன்றது என்றும் அவர் அறிவார். உரோமன் எழுத்திலோ மூன்றும் ஒரே வகையான அயலொலித் தொடர்கள். ஒலிபெயர்ப்பு பொய் கூறவில்லை. ஆனால் எது உறவு, எது பண்பு, எது உவமை என்பதைக் கூறாமல் விட்டது.

5. லின்னேயஸின் சல்லடை

லின்னேயஸ் மலபாருக்கு வந்தவரல்லர். மலபார்த் தாவரங்கள் பலவற்றை அவர் வான் ரீடின் படங்களின் வழியே அறிந்தார். அவர் சூட்டிய சில பெயர்களுக்கு அப்படங்களே இன்றும் மூலச்சான்றாக உள்ளன. தென்னைக்குரிய ‘கோக்கஸ் நியூசிஃபெரா’ என்னும் பெயருக்கு வான் ரீடின் ‘தேங்ங’ படங்களும், கமுகிற்குரிய ‘அரீக்கா கட்டெச்சு’ என்னும் பெயருக்கு ‘கவுங்க’ படமும் மூலச்சான்றாகத் தெரிவு செய்யப்பட்டுள்ளன.

படத்தை ஏற்றவர் பெயரை எளிதில் ஏற்கவில்லை. 1737இல் வெளியிட்ட ‘கிரிட்டிகா பொட்டானிக்கா’விலும் 1751இல் வெளியிட்ட ‘ஃபிலசோஃபியா பொட்டானிக்கா’விலும், கிரேக்கத்திலோ இலத்தீனிலோ வேர் இல்லாத பேரினப் பெயர்கள் தள்ளத்தக்கவை என விதித்தார். ஊமத்தைக்குரிய ‘டாட்டுரா’ வடசொல்லிலிருந்து வந்தது. அதனை நீக்க மனமின்றி, ‘கொடுத்தல்’ எனப் பொருள்படும் இலத்தீன் வினையோடு அதை இயைபுபடுத்தி ஏற்றுக்கொண்டார்.

இவ்விதியில் ஒரு முரண் உண்டு. இஞ்சியைக் குறிக்கும் ‘சிஞ்சிபர்’ கிரேக்கத்தின் வழியாக இலத்தீனுக்கு வந்த சொல். அதன் மூலம் பாலி மொழியின் ‘சிங்கிவேர’ வழியாகத் திராவிடத்தின் இஞ்சி, வேர் என்னும் சொற்களோடு தொடர்புடையது என்பது சொற்பிறப்பியலார் பலரும் ஏற்றுக்கொண்ட கருத்து. மிளகினத்தைக் குறிக்கும் ‘பைப்பர்’ என்னும் சொல்லும் திப்பிலியின் வடமொழிப் பெயரான ‘பிப்பலி’யோடு தொடர்புடையது. ஈராயிரம் ஆண்டுகட்கு முன் வாணிகர் கொண்டுசென்ற சொற்கள் செம்மொழிச் சொற்களாயின. நூறாண்டுகட்கு முன் மருத்துவர் ஒருவர் சொல்லிய சொற்கள் காட்டுமிராண்டிச் சொற்களாயின. விலக்கியது மூலத்தை நோக்கியன்று; வந்த வழியை நோக்கியே.

விதியின் பயனாக மலபார்ப் பெயர்களுக்கு நான்கு கதிகள் நேர்ந்தன.

முதலாவது, நீக்கம். மந்தாரத்திற்குப் பதில் பௌஹினியா என்னும் பெயர் நின்றது. இரு மடல் கொண்ட இலை, பௌஹின் என்னும் இரு தாவரவியல் உடன்பிறந்தாரை நினைவூட்டுகிறது என்பது லின்னேயஸ் கூறிய நயம். நயம் உண்மையே, ஆனால் செடியைக் கண்டவர் அதிலிருந்து பெறுவது ஒன்றுமில்லை. பனையினத்திற்கு, பேரீச்சையோடு தொடர்புடைய கிரேக்கச் சொல்லிலிருந்து ‘போராசஸ்’ என்னும் பெயர் வந்தது.

இரண்டாவது, இடமாற்றம். பேரினப் பெயராக ஏற்கப்படாத சொற்கள் சிற்றினப் பெயராக இரண்டாம் இடத்தில் அமர்ந்தன. சண்பகம் ‘மிச்செலியா சம்பக்கா’ ஆயிற்று. முருங்கை ‘குய்லாண்டினா மொரிங்கா’ ஆயிற்று. இங்கு மொழியமைப்பு தலைகீழாகிறது. நம் மொழிகளில் தலைச்சொல்லாக நிற்கத்தக்கது இலத்தீனில் அடையின் இடத்தைப் பெறுகிறது.

மூன்றாவது, கலப்பு. மாவிற்குரிய ‘மாஞ்சிஃபெரா’வில் முற்பகுதி, மாங்காய் என்னும் சொல் போர்த்துக்கீசியத்தில் ‘மங்கா’ ஆகிப் பின் சென்றது. பிற்பகுதி ‘தாங்குவது’ எனப் பொருள்படும் இலத்தீன். மாங்காயைத் தாங்குவது என்று மரத்திற்குப் பெயர். காயின் பெயரைக் கொண்டு மரத்தைச் சுட்டும் இம்முறை, மா என்னும் மரப்பெயரிலிருந்து மாங்காய் பிறந்த தமிழ் முறைக்கு நேர் எதிரானது.

நான்காவது, தவறான பொருளேற்றம். வான் ரீடின் குடம்புளியை லின்னேயஸ் ‘காம்போஜியா கும்மி குட்டா’ என்றார். கம்போடியாவிலிருந்து வந்த மஞ்சட் பிசினுக்கு இம்மரமே மூலம் எனக் கருதியதே காரணம். அப்பிசின் தருவது அதே பேரினத்து வேறு மரம். குடம்புளி இன்று ‘கார்சீனியா கும்மி குட்டா’. பிழை திருத்தப்பட்ட பின்னும் பெயர் நிலைத்தது. புளிப்பென்று உண்மை கூறிய தலைச்சொல் போய், தான் தராத பிசினின் பெயரை அம்மரம் சுமந்து நிற்கிறது.

6. மீண்டு வந்த சொற்கள்

லின்னேயஸின் விதியை எல்லாரும் ஏற்கவில்லை. பிரெஞ்சுத் தாவரவியலார் மிஷேல் அதான்சன் 1763இல் வெளியிட்ட தம் தாவரக் குடும்ப நூலில் நாட்டுப் பெயர்களைத் தாராளமாக ஆண்டார். மொரிங்கா, மணில்காரா என்பன அவர்வழிப் பேரினப் பெயர்களாயின. புங்கம் ‘பொங்காமியா’ ஆயிற்று. ஏலம் 1811இல் ‘எலெட்டாரியா’ என்னும் பேரினப் பெயர் பெற்றது. இன்றைய பன்னாட்டுப் பெயரீட்டு விதித்தொகுப்பு, எம்மூலத்திலிருந்தும் பெயரை எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. லின்னேயஸின் தடை விதியளவில் மறைந்துவிட்டது.

ஆனால் மீண்டு வந்தவை சொற்களாக மீளவில்லை, ஒலிகளாகவே மீண்டன. ‘எலெட்டாரியா’வின் மூலம் ‘ஏலத்தரி’. ஏலம், அத்துச்சாரியை, அரி எனப் பிரித்தாலும், ஏலம், தரி எனப் பிரித்தாலும், அது குறிப்பது செடியையன்று, அதன் விதையை. விதையின் பெயர் பேரினம் முழுவதற்கும் பெயராயிற்று. உலகத் தாவரவியலார் ஒருவேளை நம் சாரியை ஒன்றையும் அறியாது உச்சரித்து வருகின்றனர்.

செறு காஞ்ஞிரத்தின் வரலாறு இதனினும் அறிவூட்டுவது. காஞ்ஞிரம் என்பது எட்டி. செறு என்பது சிறுமை. ஜுசியூ 1789இல் இத்தொகையின் இரு பகுதிகளையும் சிதைத்து முன்பின்னாக இணைத்துக் ‘கான்ஸ்ஜேரா’ என்னும் பேரினப் பெயரை அமைத்தார். தலைச்சொல்லின் துண்டு முன்னும் அடையின் துண்டு பின்னும் நிற்கின்றன. எட்டியும் இதுவும் வெவ்வேறு குடும்பத்தவை என்பதால், தலைச்சொல் சிதைந்தது பாகுபாட்டிற்கு நன்மையே என ஒருவர் கூறலாம். ஆனால் எதனால் இக்கொடி சிறு எட்டி எனப்பட்டது என்று கேட்பதற்குரிய வாயிலும் அதனோடு அடைபட்டது.

ஆடாதோடையின் கதை இடமாற்றத்திற்குச் சிறந்த சான்று. இது லின்னேயஸிடம் ‘ஜஸ்டீசியா அடதோடா’ எனச் சிற்றினப் பெயர். பின்வந்தோரிடம் அடதோடா என்னும் பேரினப் பெயர். 1832இல் நீஸ் என்பவர் இச்செடிக்கு ‘அடதோடா வாசிக்கா’ எனப் பெயரிட்டார். வாசிக்கா என்பது ‘வாசக’ என்னும் வடசொல்லின் வழிவந்தது. ஒரு செடியின் தென்மொழிப் பெயரும் வடமொழிப் பெயரும் பேரினமும் சிற்றினமுமாக அருகருகே நின்றன. பொருளளவில் அது ‘ஆடாதோடை ஆடாதோடை’ என்பதே. இன்று அச்செடி மீண்டும் ஜஸ்டீசியாவிற்குத் திரும்பியுள்ளது.

7. மொழிபெயர்ப்பாளர் எதிர்கொள்ளும் இடர்

இதுவரை கூறியவை பழைய நூல்களின் செய்தி மட்டுமல்ல. தமிழில் தாவரவியல், மருத்துவ நூல்களை மொழிபெயர்ப்போர் இவ்விடர்களை நாள்தோறும் சந்திக்கின்றனர். ஓர் எடுத்துக்காட்டு போதும்.

வான் ரீடின் இரண்டாம் தொகுதியில் ஆவணக்கு என்னும் தலைச்சொல் கொண்ட பெயர்கள் உள்ளன. ஆவணக்கு தமிழில் ஆமணக்கு. அவற்றுள் ‘கடலாவணக்கு’ எனப்படுவதை லின்னேயஸ் ‘குரோட்டன் டிக்ளியம்’ என்பதன்கீழ்ச் சேர்த்தார். அது தமிழில் நேர்வாளம். மிகக் கடுமையான பேதி மருந்து. அளவு மிஞ்சினால் உயிருக்கு ஊறு செய்வது. இன்றைய மலையாளத்திலோ கடலாவணக்கு என்பது பெரும்பாலும், அமெரிக்காவிலிருந்து வந்த ‘ஜட்ரோஃபா கர்க்கஸ்’, அதாவது நம் காட்டாமணக்கு. பெயர் மாறவில்லை, சுட்டப்படும் செடி மாறிவிட்டது. பதினேழாம் நூற்றாண்டு வாசகத்தை இன்றைய அகராதியைக் கொண்டு மொழிபெயர்ப்பவர், நேர்வாளத்தின் செய்தியைக் காட்டாமணக்கின்மேல் ஏற்றிவிடுவார். மூலத்திற்கு முற்றிலும் உண்மையாக இருந்துகொண்டே அவர் பிழை செய்திருப்பார். இக்கட்டுரையாளரும் மலையாளக் குறிப்பொன்றைத் தமிழாக்கியபோது முதல் வரைவில் இப்பிழையைச் செய்ததுண்டு. வான் ரீடின் படத்தைப் பார்த்த பின்னரே அது தெரியவந்தது.

அகராதிகளும் காலத்தால் கட்டுண்டவை. தரங்கம்பாடியில் 1776 முதல் பணியாற்றிய ராட்லர் பாதிரியார் தாவரங்களைத் தொகுத்து ஐரோப்பாவிற்கு அனுப்பியவர். 1834இல் அச்சேறத் தொடங்கிய தமிழ் ஆங்கில அகராதியின் ஆசிரியரும் அவரே. தாவரவியலும் அகராதியியலும் ஒருவரிடமே கூடியிருந்த காலம் அது. பின்னர் வின்சுலோவின் அகராதியும், 1924 முதல் வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியும் தாவரச் சொற்களுக்கு இலத்தீன் பெயர் தரும் மரபைத் தொடர்ந்தன. அப்பெயர்கள் அவ்வக்காலத்து வழக்கின்படி அமைந்தவை. மிச்செலியாவாக இருந்த சண்பகம் இன்று மக்னோலியா. இலத்தீன் பெயர் மாறாதது என்றும் நாட்டுப்பெயர் நிலையற்றது என்றும் நாம் கொண்டுள்ள எண்ணம் இங்கே தலைகீழாகிறது. சண்பகம் சண்பகமாகவே இருக்கிறது.

கே. எஸ். மணிலால் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டு வான் ரீடின் தாவரங்களைக் களத்தில் மீண்டும் கண்டறிந்து, நூல் முழுவதையும் ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் ஆக்கினார். கேரளப் பல்கலைக்கழகம் அவற்றை முறையே 2003இலும் 2008இலும் வெளியிட்டது. மலையாளத்திலிருந்து புறப்பட்ட சொற்கள் முந்நூற்று முப்பது ஆண்டுகள் கழிந்து மலையாளத்திற்குத் திரும்பின. இதற்கு அகராதி மட்டும் போதவில்லை, செடியும் வேண்டியிருந்தது.

நம் பாடநூல்களில் முருங்கையின் கீழே ‘மொரிங்கா ஒலிஃபெரா’ என்றும், ஏலத்தின் கீழே ‘எலெட்டாரியா கார்டமோமம்’ என்றும் அச்சிடுகிறோம். முற்பகுதி மாணவரின் சொந்தச் சொல்லே என்பதைக் கூறுவதில்லை. மாணவர் அதனை அயற்சொல்லாக மனப்பாடம் செய்கிறார். தமிழில் வெளிவரும் தாவரவியற் சொற்களஞ்சியங்கள் ஒவ்வொரு நாட்டுப் பெயருக்கும் மூன்று குறிப்புகள் தருதல் நலம்: அத்தலைச்சொல் உறவைக் காட்டுவதா, பண்பைக் காட்டுவதா, ஒப்புமையைக் காட்டுவதா என்பது, பெயர் எவ்வூரில், எந்நூலில், எக்காலத்தில் பதிவானது என்பது, இலத்தீன் பெயரோடு ஒலித்தொடர்பு இருப்பின் அதன் வழி.

8. முடிவுரை

பெயரீட்டு விதித்தொகுப்பின் அடிப்படைக் கொள்கை, பெயர் ஒரு சுட்டுக்கருவி மட்டுமே, செடியின் பண்பையோ வரலாற்றையோ கூறுவது அதன் கடமையன்று என்பது. கும்மி குட்டா என்னும் பிழைப்பெயர் நிலைத்ததும் இக்கொள்கையாலேயே. ஆனால் 2024 ஜூலையில் மாட்ரிட் நகரில் கூடிய பெயரீட்டுப் பேரவை, ஆப்பிரிக்க மக்களை இழித்துரைக்கும் ‘காஃப்ரா’ என்னும் சிற்றினப் பெயரையும் அதன் திரிபுகளையும் ‘ஆஃப்ரா’ முதலான வடிவங்களாக மாற்ற வாக்களித்தது. இதனால் 200க்கும் மேற்பட்ட இனங்களின் பெயர்கள் மாறுகின்றன. பெயர் வெறும் சுட்டுக்கருவியாயின் இம்மாற்றம் வேண்டியதில்லை. பெயருக்குப் பொருள் உண்டு என்பதையும் அப்பொருள் மாந்தரைச் சாரும் என்பதையும் தாவரவியலாரே ஒப்புக்கொண்ட நிகழ்ச்சி இது.

இழிசொல்லுக்குப் பொருளுண்டு என்றால் நற்சொல்லுக்கும் பொருளுண்டு. எல்லாப் பெயர்களையும் மீண்டும் நாட்டுப் பெயர்களாக மாற்ற வேண்டும் என்பது இதன் கருத்தன்று. உலகம் முழுவதும் ஒரு செடியை ஒரே பெயரால் அறிவது பெரும்பயன் தருவது. வேண்டுவது அப்பெயர்களுக்குள் அடங்கிக் கிடக்கும் தொகைகளைப் பிரித்துப் படிப்பது. இட்டி அச்சுதன் பேராலு என்றபோது ஒரு மரத்தை மட்டும் காட்டவில்லை. அத்தியையும் அரசையும் உடன்நிறுத்திக் காட்டினார். அவர் சொன்னதில் மரம் மட்டும் மொழிபெயர்க்கப்பட்டது. எஞ்சியதை மொழிபெயர்க்கும் பணி மொழியியலாருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் உரியது.